முதுமைக்கு அவசரம் தெரியாது

2020-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கோவிட் பரவியபோது மருத்துவர்கள் கண்ட முதல் உண்மைகளில் ஒன்று, அது வயது பார்த்து அடிக்கும் நோய் என்பது. இருபது வயது இளைஞருக்குக் காய்ச்சலும் இருமலுமாக வந்து போன அதே தொற்று, எழுபது வயதுக்காரரை மூச்சுக்கருவியில் கிடத்தியது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த வைரஸைச் சுண்டெலியின் நுரையீரலில் பத்து முறை அடுத்தடுத்து வளர்த்து, எலியையும் தாக்கும்படி பழக்கினார்கள். அங்கேயும் இதே வேறுபாடு வெளிப்பட்டது. இளம் எலிகள் எடை குறைந்து, பெரும்பாலும் தேறிவிட்டன. ஓராண்டு நிரம்பிய எலிகள் கடுமையாக நோயுற்றன. இன்னும் முதிர்ந்த, இரண்டு வயது எலி ஒரு சோதனைக்கு அந்த ஆண்டில் தேவைப்பட்டிருந்தால், அந்த எலி 2018-இலேயே பிறந்திருக்க வேண்டும். இப்படியொரு நோய் வரப்போகிறது என்று உலகில் ஒருவருக்கும் தெரியாத நாளில், யாரோ அதைப் பிறக்க வைத்து, தீனி போட்டு, கூண்டு மாற்றி, வேறு நோய் அண்டாமல் காத்து வந்திருக்க வேண்டும். வேதிப்பொருளை நாளைக்கே தருவிக்கலாம். மரபணுவைச் சில மாதங்களில் மாற்றி அமைக்கலாம். இரண்டு வயதை மட்டும் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்து யாராலும் உண்டாக்க முடியாது.

நம் வீடுகளில் பழைய அரிசிக்குத் தனி மதிப்பு உண்டு. அறுவடையான கையோடு வரும் புது அரிசி குழைந்துபோகும். ஓராண்டு கிடந்த அரிசிதான் உதிரியாக வேகும். அதற்குக் கடைக்காரர் கூடுதல் விலை சொன்னால் நாம் மறுப்பதில்லை. அவர் விற்பது நெல்லை மட்டும் அன்று, தான் காத்திருந்த காலத்தையும் சேர்த்து என்று நமக்குத் தெரியும். ஈரம் தாக்கிய கிடங்கில் கிடந்த அரிசியும் வயதில் பழையதுதான் என்றாலும் அதை நாம் வாங்க மாட்டோம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். ஆய்வகத்துக்கு முதிய எலியைத் தேடுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இரண்டு செய்திகளுக்குள் அடங்கிவிடுகிறது. முதிய எலி என்பது ஒருவர் முன்கூட்டியே சேமித்து வைத்த காலம். அந்தக் காலம் எங்கே, எப்படிக் கழிந்தது என்பது, எவ்வளவு கழிந்தது என்பதற்குக் குறையாத முக்கியம் உடையது. ஆகவே முதிய எலிகளைத் தேவைப்படும்போது கடையில் வாங்கும் பொருளாகக் கருதாமல், ஊர்ப் பொதுக் களஞ்சியம்போல முன்யோசனையோடும் பதிவேட்டோடும் பேணப்பட வேண்டிய பொதுச் சொத்தாகக் கருத வேண்டும். இந்த அத்தியாயம் வலியுறுத்துவது அதைத்தான்.

எலியின் வாழ்நாளை முதலில் அளந்துகொள்வோம். சுண்டெலிக் குட்டி மூன்றாவது வாரத்தில் பால் மறக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகம், உலகில் மிக அதிகமாகப் பயன்படும் சி57பிளாக்6 என்ற வம்சத்து எலிகளின் வயதை மனித வயதோடு ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறது. மூன்று முதல் ஆறு மாத எலி, இருபது முதல் முப்பது வயது மனிதருக்குச் சமம். பத்து முதல் பதினான்கு மாதம் என்பது நடுவயது, அதாவது நம் முப்பத்தெட்டு முதல் நாற்பத்தேழு. பதினெட்டு முதல் இருபத்து நான்கு மாதத்தில்தான் எலி முதுமைக்குள் நுழைகிறது. அது மனிதரின் ஐம்பத்தாறு முதல் அறுபத்தொன்பது வயதை ஒக்கும். நன்றாகப் பராமரிக்கப்படும் கூட்டத்தில் ஏறத்தாழ 26 முதல் 30 மாதத்துக்குள் பாதி எலிகள் இறந்திருக்கும். ஒரு மனிதத் தலைமுறை காத்திருந்தால் மட்டுமே தெரியவரும் மாற்றங்களை எலி இரண்டரை ஆண்டில் காட்டிவிடுகிறது. ஆராய்ச்சி எலியை நாடியதற்கு இதுவே பெரிய காரணம். அந்த இரண்டரை ஆண்டுக்குக்கூடப் பொறுமை இல்லாமல் போனதுதான் வேடிக்கையல்லாத உண்மை.

உலகின் உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், எலிகளின் வயது பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் என்று இருப்பதைக் காணலாம். இந்த வயதில் எலி மலிவு; ஒன்றுபோல இருக்கும்; கேட்ட வாரத்திலேயே கிடைக்கும். புற்றுநோய், பக்கவாதம், மூட்டுத் தேய்மானம், மறதிநோய் என்று முதுமையில் வரும் நோய்களுக்கான மருந்துகளும் இந்தப் பதின்வயது எலிகளின் உடலில்தான் முதலில் சோதிக்கப்படுகின்றன. இதனால் என்ன நேரலாம் என்பதற்கு 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டிப் புற்றுநோயை அழிக்கும் ஒருவகைக் கூட்டுச் சிகிச்சையைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் இளம் எலிகளுக்கும் முதிய எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இளம் எலிகள் அதைத் தாங்கின. முதிய எலிகளின் உடலில் அழற்சி வேதிப்பொருள்கள் வெள்ளமாய்ப் பெருகி, குடல், கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றைத் தாக்கி, எலிகள் விரைவிலேயே இறந்தன. ஒரே மருந்து, ஒரே வம்சம், ஒரே அளவு. வேறுபட்டது வயது ஒன்றுதான். புற்றுநோயாளிகளில் பெரும்பகுதியினர் முதியவர்கள் என்பதை நினைத்தால், இளம் எலியை மட்டும் பார்த்து அந்தச் சிகிச்சை பாதுகாப்பானது என்று முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

பக்கவாத ஆராய்ச்சியின் அனுபவமும் இதையே சொல்கிறது. மூளைச் செல்களைக் காக்கும் என்று விலங்குகளில் நம்பிக்கை அளித்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மனிதர்களிடம் தோற்றன. மிகுந்த எதிர்பார்ப்போடு சோதிக்கப்பட்ட என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து, ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் 2006-இல் பயனற்றது என்று தெரிந்தது. விலங்குகளின் இளமை ஒன்றுதான் இந்தத் தோல்விகளுக்குக் காரணம் என்று சொன்னால் அது மிகை. மருந்து கொடுத்த நேரம், சோதனைகளை வடிவமைத்த விதம் என்று வேறு குறைகளும் இருந்தன. ஆனாலும் பக்கவாத ஆய்வாளர்களும் மருந்துத் துறையினரும் சேர்ந்து உருவாக்கிய வழிகாட்டு நெறிகள் 2009-இல் திருத்தப்பட்டபோது, இளமையும் நலமும் உள்ள விலங்குகளில் ஒரு மருந்து வெற்றி பெற்றால் அதோடு நிறுத்தாமல், முதிய விலங்குகளிலும், பெண் விலங்குகளிலும், இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற கோளாறு உள்ள விலங்குகளிலும் அதைச் சோதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தன. நோயாளி யார் என்பதைச் சோதனைக்கூடம் மறந்துவிடக் கூடாது என்பதே அந்தப் பரிந்துரையின் சாரம்.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த தேவை ஏன் நிறைவேறவில்லை? ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு எலிகளைக் கூண்டுக்கு ஐந்தாக இருபது கூண்டுகளில் வைப்பதாகக் கொள்வோம். பால் மறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை வளர்க்க 63 நாள். இருபது கூண்டுக்கு 1,260 கூண்டு-நாள்கள். அதே எலிகளை இரண்டு ஆண்டு, அதாவது 104 வாரம் வரை வளர்க்க 707 நாள். மொத்தம் 14,140 கூண்டு-நாள்கள். பதினொரு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு கூண்டு-நாளுக்கும் தீனி, தண்ணீர், படுக்கைத் துகள், துப்புரவு, காற்றோட்டம், கால்நடை மருத்துவர் என்று செலவு இருக்கிறது. முடிவில் நூறும் மிஞ்சாது. சில எலிகள் புற்றுக்கட்டியால் இறக்கும்; சி57பிளாக்6 எலிகளிடம் அதிகம் காணப்படும் ஒருவகைத் தோல்புண் வந்து சிலவற்றை விலக்க நேரும். கூண்டில் ஐந்து இருந்த இடத்தில் இரண்டு மிஞ்சினால், மிஞ்சிய ஆண் எலிகளை இன்னொரு கூண்டில் சேர்க்கவும் முடியாது. அறிமுகமில்லாத வளர்ந்த ஆண்கள் கடித்துக் குதறிக்கொள்ளும். பணத்தைக் காட்டிலும் கடினமானது காலம். ஆராய்ச்சி நிதி மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குத்தான் கிடைக்கிறது. முனைவர் பட்ட மாணவரின் காலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதில் முதல் இரண்டு ஆண்டை எலி முதிர்வதற்காக மட்டும் செலவிட எந்த ஆய்வகமும் துணிவதில்லை. முதுமை ஆய்வின் முட்டுக்கட்டை அறிவுக் குறைபாட்டில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது.

நெருக்கடியில் குறுக்குவழிகள் பிறக்கும். முதலாவது, இனப்பெருக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற எலிகளை வாங்குவது. எலி விற்கும் நிறுவனங்கள் குட்டி ஈனும் திறன் குறைந்த தாய் தந்தை எலிகளைக் குறைந்த விலைக்குக் கொடுக்கின்றன. பெரும்பாலும் இவற்றின் வயது எட்டு பத்து மாதம். மேலே சொன்ன அளவுகோலில் நடுவயதின் வாசற்படி. இதை முதுமை என்று அழைத்தால் நாற்பது வயதுக்காரரை முதியோர் இல்லத்தில் சேர்த்தது போலாகும். மேலும் அந்தப் பெண் எலி பல முறை சூலுற்றுப் பாலூட்டியது; ஆண் எலி தன் நாளெல்லாம் இணைகளோடு வாழ்ந்தது. அவற்றோடு ஒப்பிட எடுக்கும் இளம் எலிகளோ இணையே சேராதவை. பிறகு வேறுபாடு ஒன்று தென்பட்டால், அது வயதால் வந்ததா, மகப்பேற்றால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. ஒப்பீட்டுக் குழுவும் அதே வாழ்க்கை வாழ்ந்திருந்தால் ஒழிய, இந்த எலிகளை வைத்து முதுமை பற்றிப் பேசுவது சரியாகாது.

இரண்டாவது குறுக்குவழி, வேகமாக மூப்படையும் எலிகளை நாடுவது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தோஷியோ தகேதாவின் குழு, சீக்கிரமே முதுமை தட்டும் எலி வம்சங்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்களே அறிவித்த குளோத்தோ என்ற மரபணு செயலிழந்தால், எலி சில வாரங்களிலேயே இரத்தக் குழாய் இறுகி, எலும்பு மெலிந்து, தோல் சுருங்கி இறந்துவிடுகிறது. இவை மதிப்புமிக்க கருவிகள் என்பதில் ஐயமில்லை. ஒரு குறிப்பிட்ட இயங்குமுறையைத் துருவிப் பார்க்க இவை உதவியிருக்கின்றன. ஆனால் ஒரு பாகம் பழுதாகி நின்ற வண்டியும், முப்பது ஆண்டு ஓடித் தேய்ந்த வண்டியும் ஒன்றல்ல. இயல்பான முதுமையில் எல்லா உறுப்புகளும் தத்தம் வேகத்தில் தளர்கின்றன. ஒன்றின் தளர்ச்சி மற்றொன்றைப் பாதிக்கிறது. உடல் அவற்றை ஈடுகட்டவும் முயல்கிறது. ஒரு மரபணுவை உடைத்து உண்டாக்கிய நோயில் இந்த நீண்ட உரையாடல் நடப்பதே இல்லை. அங்கே பலித்த மருந்து இயல்பான முதுமையிலும் பலிக்குமா என்று அறிய, கடைசியில் இயல்பாக முதிர்ந்த எலியிடம்தான் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

மூன்றாவது குறுக்குவழி கண்ணுக்குத் தெரியாதது. அதனாலேயே மிகவும் கெடுதலானது. முதிய எலியை ஓரிடத்திலும் ஒப்பிட வேண்டிய இளம் எலியை வேறிடத்திலும் வாங்கி, இரண்டும் ஒரே வம்சம் என்று நம்பிவிடுவது. சி57 என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரான்பி என்ற ஊரில் ஆபி லாத்ராப் என்ற பெண்மணி எலிப் பண்ணை நடத்தினார். அவரிடமிருந்து வந்த எலிகளில் 57 என்று எண்ணிட்ட பெண் எலியின் வழியில் 1921-இல் கிளாரன்ஸ் லிட்டில் இந்த வம்சத்தை உருவாக்கினார். 1929-இல் ஜாக்சன் ஆய்வகத்தை நிறுவியவரும் அவரே. அந்த வம்சத்தின் எலிகள் 1951-இல் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அதன்பின் இரண்டு கிளைகளும் தனித்தனியே பெருகின. இன்று ஜாக்சன் கிளை எலிகளில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய ஒரு மரபணு செயலிழந்திருக்கிறது. அதனால் குளுக்கோஸைக் கையாளும் திறன் மாறுகிறது. மற்றக் கிளையில் விழித்திரையைச் சிதைக்கும் வேறொரு மரபணுப் பிறழ்வு நிலைத்துவிட்டது. ஜாக்சன் கிளையின் இளம் எலியையும் மற்றக் கிளையின் முதிய எலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வயதானால் விழித்திரை சிதைகிறது என்று ஒருவர் எழுதினால், அவர் கண்டது வயதை அன்று. எழுபது ஆண்டுக்கு முன் நடந்த ஒரு பாகப்பிரிவினையை.

மரபணு முற்றிலும் ஒன்றாக இருந்தாலும் வாழ்ந்த விதம் வேறாக இருக்கலாம். முன்பு சொன்ன டேவிஸ் ஆய்வாளர்களே இதற்கும் சான்று தந்தார்கள். அந்தச் சிகிச்சையால் முதிய எலிகள் இறந்தது வயதாலா என்று அவர்கள் மேலும் தோண்டினார்கள். ஆய்வகக் கூண்டில் தீனி எந்நேரமும் நிறைந்திருக்கும். ஓட இடம் இருக்காது. எனவே நடுவயதிலிருந்தே எலிகள் கொழுத்துப்போகின்றன. வாழ்நாள் முழுதும் அளவாக உண்டு மெலிந்த உடலோடு முதிர்ந்த எலிகளுக்கு அதே சிகிச்சையைக் கொடுத்தபோது அவை பிழைத்தன. இளமையிலேயே கொழுத்த எலிகளோ, முதிய எலிகளைப் போலவே இறந்தன. 2014-இல் வெளியான இந்த முடிவு முந்தைய முடிவைப் பொய்யாக்கவில்லை. அதன் பொருளை ஆழமாக்கியது. முதுமை என்று நாம் பார்த்ததில் ஒரு பங்கு, அந்த எலி எப்படித் தின்று வளர்ந்தது என்பதன் கணக்கு. கிருமிகளைப் பற்றியும் இதே பாடம் கிடைத்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் 2016-இல் காட்டியபடி, துப்புரவான ஆய்வக எலியின் நோயெதிர்ப்பு அமைப்பு பச்சிளங்குழந்தையினுடையதை ஒத்திருக்கிறது. செல்லப்பிராணிக் கடையிலிருந்து வந்த எலியினுடையதோ வளர்ந்த மனிதருடையதை ஒத்திருக்கிறது. இரண்டையும் ஒரே கூண்டில் வைத்தால் ஆய்வக எலியும் மாறிவிடுகிறது. ஆகவே எலியின் பிறந்த தேதியோடு அதன் தீனி, எடை, கூண்டுத் துணை, அறைச் சூழல், தொற்று வரலாறு ஆகியவையும் எழுதப்பட்ட ஒரு பதிவேடு கூடவே வந்தாக வேண்டும். அது இல்லாத முதிய எலி, எந்தக் கிடங்கில் கிடந்தது என்று தெரியாத பழைய அரிசி.

இன்னொரு நுட்பத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். முப்பது மாத எலிகள் என்று வாங்கும் கூட்டம், பிறந்த எல்லா எலிகளின் மாதிரி அன்று. கூடப் பிறந்தவற்றில் பாதியோ அதற்கு மேலோ இறந்த பின் மிஞ்சியவை அவை. தொண்ணூறு வயதில் பள்ளித் தோழர்கள் கூடினால், வந்திருப்பவர்களின் உடல்நலத்தைப் பார்த்து அந்த வகுப்பு முழுதும் திடமான வகுப்பு என்று சொல்ல முடியுமா? மிஞ்சிய எலிகளின் நிணநீர்ச் செல்களோ தசையோ இளம் எலிகளினும் நன்றாக இருந்தால், அது வயதின் விளைவாக இல்லாமல், நலிந்தவை முன்பே உதிர்ந்துபோனதன் விளைவாக இருக்கலாம். எத்தனை பிறந்தன, எப்போது எவை இறந்தன, எதனால் இறந்தன என்ற கணக்கு கூட்டத்தைப் பேணுபவரிடம் இருந்தால் மட்டுமே இந்த மயக்கம் தீரும். தனித்தனி ஆய்வகங்கள் அவசரத்தில் அங்குமிங்கும் சேகரித்த எலிகளிடம் இந்தக் கணக்கை எதிர்பார்க்க முடியாது.

பொதுக் களஞ்சியம் என்று முன்பு சொன்னது கற்பனை அன்று. அமெரிக்காவில் 1974-இல் தோற்றுவிக்கப்பட்ட தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், முதிய சுண்டெலிகளையும் எலிகளையும் பேணும் கூட்டங்களைப் பல பத்தாண்டுகளாக நடத்தி வருகிறது. ஒப்பந்த முறையில் வெளி நிறுவனங்கள் கிருமி புகாத அரண் அறைகளில் அவற்றை வளர்க்கின்றன. சி57பிளாக்6, பால்ப்-சி போன்ற உட்கலப்பு வம்சங்களும், இரு வம்சங்கள் கலந்த முதல் தலைமுறைக் கலப்பினங்களும் இளமை முதல் முதுமை வரை பல வயதுகளில் அங்கே கிடைக்கின்றன. ஒரே மூலத்திலிருந்து, ஒரே தீனி உண்டு வளர்ந்த இளம் எலியையும் முதிய எலியையும் சேர்த்தே பெறலாம் என்பதே இதன் பெரிய நன்மை. இந்த எலிகள் முதுமை ஆய்வுக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். உயிருள்ள எலி தேவைப்படாதவர்களுக்காக உறுப்புகளும் திசுக்களும் உறையவைத்துச் சேமிக்கப்படுகின்றன. பிரிட்டனிலும் ஷார்ம் என்ற பெயரில் முதுமை ஆய்வுக்கான திசுக்களையும் முதிர்ந்துவரும் எலிகளையும் ஆய்வாளர்களிடையே பகிரும் ஏற்பாடு உருவானது. ஜாக்சன் ஆய்வகம் போன்றவை முதிர்ந்த எலிகளை விற்கவும் செய்கின்றன. ஆயினும் கேட்பவர்கள் பலர், கையிருப்பு குறைவு. இன்று கேட்பு திடீரென இரட்டித்தால், கையிருப்பு இரட்டிக்க இரண்டு ஆண்டு ஆகும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் மறுப்பு, எலி மனிதன் அன்று என்பது. உண்மைதான். சி57பிளாக்6 எலிகளில் பெரும்பாலானவை நிணநீர்ப் புற்று முதலிய புற்றுநோய்களால் இறக்கின்றன. மனிதரைப் போல மாரடைப்பால் சாவதில்லை. மறதிநோய் அவற்றுக்கு இயல்பாக வருவதும் இல்லை. இதை மறைத்துவிட்டு முதிய எலியைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் இந்த மறுப்பைச் சொல்பவர்கள் அடுத்த நாளே இளம் எலியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எலிக்கும் மனிதருக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது; இளம் எலியைத் தேர்ந்தால் இளமைக்கும் முதுமைக்கும் இடையிலுள்ள இரண்டாவது பள்ளமும் சேர்ந்துகொள்கிறது. முதல் பள்ளத்தை நம்மால் நிரப்ப முடியாது. இரண்டாவதை நிரப்பலாம். தைமஸ் சுரப்பி சுருங்குவது, தசை மெலிவது, காயம் மெதுவாக ஆறுவது, தடுப்பூசிக்கு உடல் மந்தமாக எதிர்வினை காட்டுவது ஆகியவை எலிக்கும் நமக்கும் பொது. அந்தப் பொதுப் பகுதியைப் படிக்க முதிய எலி வேண்டும்.

இரண்டாவது மறுப்பு அறம் சார்ந்தது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஓர் உயிரை இரண்டு ஆண்டு கூண்டில் அடைத்து, கட்டியும் புண்ணும் தளர்ச்சியும் வரும்வரை வைத்திருப்பது கொடுமை இல்லையா? முதிய எலியின் உடல் நலிவை நாள்தோறும் கவனிக்க வேண்டும். மென்மையான படுக்கையும் எட்டும் உயரத்தில் தீனியும் தர வேண்டும். வேதனை எல்லை மீறும்போது துன்பமின்றி அதன் வாழ்வை முடிக்கும் விதி தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் தவறான வயதில் செய்த சோதனை தவறான விடை தந்தால், அதில் இறந்த எலிகள் அத்தனையும் வீண். 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த மூன்று நெறிகள், விலங்குக்கு மாற்றுத் தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி என்கின்றன. இரண்டாவது நெறிக்குப் பொதுக் களஞ்சியமே மிகச் சிறந்த வழி. ஒரு முதிய எலியின் மூளை ஒரு குழுவுக்கும், தசை இன்னொரு குழுவுக்கும், எலும்பு மூன்றாவது குழுவுக்கும் போகும்போது, மூன்று எலிகள் முதிர வேண்டிய இடத்தில் ஒன்று போதும். ஆய்வகங்கள் தனித்தனியே வளர்த்தால் இந்தச் சிக்கனம் கைகூடாது.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: முதிய எலிகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன, முடிவு கலங்கலாக வரும், அதிக எண்ணிக்கை வேண்டியிருக்கும். அதற்குப் பதில் சில வாரமே வாழும் புழுவையோ, ஐந்தாறு மாதத்தில் வாழ்வை முடிக்கும் ஆப்பிரிக்கக் கில்லி மீனையோ படிக்கலாமே என்பார்கள். புழுவும் மீனும் முதுமையின் அடிப்படை விதிகள் பலவற்றைக் கற்றுத் தந்திருக்கின்றன; தொடர்ந்து கற்றுத் தரும். ஆனால் பாலூட்டியின் நுரையீரலும் எலும்பு மச்சையும் மாதவிலக்கு முடிந்த உடலின் சுரப்பிகளும் கேட்கும் வினாக்களுக்குப் பாலூட்டிதான் விடை தர முடியும். வேறுபாடு என்பதை நான் குறையாகவே பார்க்கவில்லை. எழுபது வயது மனிதர் இருவரில் ஒருவர் வயலில் வேலை செய்கிறார், ஒருவர் கட்டிலை விட்டு எழுவதில்லை. வயது ஏற ஏற விலகிப்போவதே முதுமையின் இயல்பு. அந்த விலகலைத் தாங்கும் அளவு எண்ணிக்கையோடு சோதனை செய்து கிடைக்கும் கலங்கலான விடை, இளம் எலிகள் தரும் பளிங்குபோன்ற தவறான விடையைவிட மேலானது.

முதிய எலியால் என்ன கிடைக்கும் என்பதற்கு ராபமைசின் என்ற மருந்தின் கதையைவிட நல்ல விடை இல்லை. தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தின் ஆதரவில், ஜாக்சன் ஆய்வகம், மிச்சிகன் பல்கலைக்கழகம், சான் அன்டோனியோவில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக நலவாழ்வு அறிவியல் மையம் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே சோதனையை ஒரே நேரத்தில் நடத்தும் திட்டம் ஒன்று உண்டு. ஒரு வம்சத்தின் தனிக் குறைபாடு முடிவைத் திரிக்காமல் இருக்க, நான்கு வம்சங்களைக் கலந்து பெற்ற எலிகளையே அங்கே பயன்படுத்துகிறார்கள். ஈஸ்டர் தீவின் மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரிடமிருந்து கிடைத்த ராபமைசினை அவர்கள் இளம் வயதிலிருந்தே எலிகளுக்குத் தர எண்ணினார்கள். ஆனால் தீனியில் கலந்தால் மருந்து சிதைந்தது. குடலில் போய்க் கரையும்படி அதற்கு உறையிடும் நுட்பம் கைவருவதற்குள் எலிகளுக்கு 600 நாள் வயதாகிவிட்டது. மனிதக் கணக்கில் ஏறத்தாழ அறுபது. அந்த வயதில் தொடங்கியும், பத்தில் ஒன்பது எலிகள் இறக்கும் வயதைக் கொண்டு அளந்தபோது, பெண் எலிகளின் ஆயுள் 14 சதவீதமும் ஆண் எலிகளின் ஆயுள் 9 சதவீதமும் கூடியிருந்தது. மூன்று இடங்களிலும் இது தெரிந்தது. 2009-இல் வெளிவந்த இந்த முடிவு, வாழ்வின் பிற்பகுதியில் தொடங்கும் சிகிச்சையும் பாலூட்டியின் ஆயுளை நீட்டும் என்று காட்டிய பெரிய திருப்பம். அறுபது வயதில் மருத்துவரிடம் வரும் மனிதருக்கு வேண்டிய கேள்வியே அதுதான். அந்தக் கேள்வி திட்டமிட்டுக் கேட்கப்படவில்லை. ஒரு தாமதத்தால், கையில் முதிய எலிகள் இருந்ததால், தானாக வாய்த்தது.

இப்படி வாய்ப்பதை நம்பி ஒரு துறை நடக்கக் கூடாது. 1947 அக்டோபரில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் ஊரைச் சூழ்ந்த காட்டுத்தீயில் ஜாக்சன் ஆய்வகம் எரிந்து பல்லாயிரம் எலிகள் மடிந்தன. முன்பு அங்கிருந்து எலி வாங்கிச் சென்ற ஆய்வாளர்கள் தங்களிடம் இருந்தவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். வம்சங்கள் மீண்டும் துளிர்த்தன. பகிர்ந்து வைத்தது அழியாது என்பதற்கு அது சான்று. ஆனால் திரும்பி வந்தது மரபு மட்டும்தான். தீயில் போன எலிகள் வாழ்ந்து சேர்த்திருந்த மாதங்களை யாராலும் திருப்பி அனுப்ப முடியவில்லை. அடுத்த பெருநோய் எப்போது வரும், எந்த மருந்தை அவசரமாகச் சோதிக்க நேரும் என்று இன்று நமக்குத் தெரியாது. அந்த வினாவுக்கு விடை சொல்ல வேண்டிய எலி மட்டும் இன்று பால் மறந்து, ஏதாவது ஒரு கூண்டில் முதல் தீனியைக் கொறித்துக்கொண்டிருக்க வேண்டும். அதன் பெயரில் ஓர் ஏடு திறந்து, முதல் நாளின் எடையை எழுதி வைக்க வேண்டிய வேலை இன்றையது.